தபால் தலை ஒட்டாத பொட்டலங்கள்

எங்கள் வீட்டிலிருந்து தபால் தலை ஒட்டாமலே பொட்டலங்கள் போகின்றன என்று மூன்றாம் வகுப்பில் நான் சொன்னபோது யாரும் நம்பவில்லை. டீச்சர்கூட, வீட்டில் பெரியவர்களை ஒருமுறை சரியாகக் கேட்டுக்கொண்டு வா என்றார். கேட்கவேண்டிய அவசியம் எனக்கு இல்லை. பொட்டலத்துக்கு நூல் சுற்றும்போது முடிச்சின் மேல் விரல் வைத்துப் பிடித்துக்கொள்கிறவளே நான்தான்.

பொட்டலத்தில் இருந்தவை கேசட்டுகள். சித்தி பாடப் புத்தகத்தை வாய்விட்டுப் படித்துப் பதிவு செய்தவை. மதுராந்தகத்தில் பார்வையில்லாதவர்களுக்காக ஒரு சங்கம் விடுதி நடத்தியது. அங்கே தங்கி பி.ஏ. வரலாறு படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவனுக்காக அவை போயின. சித்தியின் பழைய கல்லூரி ஆசிரியை ஒருவர் வந்து, நல்ல உச்சரிப்போடு படித்துத்தர ஆள் வேண்டும் என்று கேட்க, சித்தி உடனே சரி என்றாள். அவளும் முன்பு கல்லூரியில் அதே வரலாற்றைத்தான் படித்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் வருடத்தில் கல்யாணம் ஆகி நின்றுவிட்டது.

அப்படிப் போகும் கேசட்டுகளுக்குத் தபாலில் கட்டணம் கிடையாது. அதற்கென்று சில நிபந்தனைகள் மட்டும் உண்டு. பொட்டலத்தைப் பசை போட்டு ஒட்டிவிடக் கூடாது. பிரித்துப் பார்க்கும்படி நூலால் கட்டியிருக்க வேண்டும். மேலே 'பார்வையற்றோருக்கானது' என்று பெரிதாக எழுதி, அனுப்புகிறவர் முகவரியையும் தெளிவாகப் போட வேண்டும். உள்ளே கடிதம் எதுவும் இருக்கக் கூடாது. இதையெல்லாம் தபால் அலுவலகத்தில் சித்திக்கு எழுதியே கொடுத்தார்கள். முதல் பொட்டலத்தை வாங்கியவர் எடை போட்டுவிட்டு, பழக்கத்தில் தபால் தலைத் தாளைக் கிழிக்கப் போய், தானே சிரித்துக்கொண்டார்.

சித்தி அப்போது எங்களோடு செங்கல்பட்டில் இருந்தாள். மாமல்லபுரத்திலிருந்து ஒரு நாள் சூட்கேஸோடு வந்தவள். "கொஞ்ச நாள் இருந்துட்டுப் போவா" என்று அம்மா பக்கத்து வீட்டில் சொல்லிவைத்தாள். அந்தக் கொஞ்ச நாளில் எனக்குக் காலாண்டுப் பரீட்சையும் அரையாண்டுப் பரீட்சையும் முடிந்துபோயின. சித்தப்பாவுக்குக் கடற்கரைக்குப் போகும் சாலையில் கற்சிலைக் கடை. வரும்போதெல்லாம் கல்லில் செய்த குட்டி ஆமை, குட்டி யானை என்று எனக்கு ஏதாவது கொண்டுவருவார். அதனால் அவர் மிகவும் நல்லவர் என்பது என் கட்சி. சித்தியின் முழங்கைக்கு மேலே இருந்த தழும்பைப் பற்றி நான் கேட்டபோது வெந்நீர் கொட்டிவிட்டது என்றாள். அதையும் நம்பினேன்.

பதிவு மத்தியானத்தில் நடக்கும். எங்கள் வீடு ரயில் பாதையை ஒட்டி இருந்தது. மின்சார ரயில் வரும் அதிர்வு தரையில் தெரிந்ததும் சித்தி டேப் ரிக்கார்டரின் பொத்தானை அமுக்கி நிறுத்துவாள். ரயில் போனபிறகு விட்ட இடத்திலிருந்து படிப்பாள். சில சமயம் நிறுத்த மறந்து, முகலாயர்களின் நடுவே ஒரு ரயில் ஓடிவிடும்.

வரைபடம் வரும் பக்கங்களில் அவள் திணறினாள். பிறகு ஒரு வழி கண்டுபிடித்தாள். "இடது கையை உள்ளங்கை மேல இருக்கிற மாதிரி மேசைல விரிச்சு வச்சுக்குங்க. கட்டைவிரல் இருக்கிற பக்கம் குஜராத். நடுவிரல் நுனி காஷ்மீர். மணிக்கட்டுகிட்ட நம்ம ஊரு" என்று ரிக்கார்டருக்குச் சொன்னாள். நானும் தரையில் கையை விரித்துவைத்துக்கொண்டு கேட்டேன். இன்றைக்கும் எனக்குத் தெரிந்த இந்தியா அதுதான்.

கேட்டு முடித்த கேசட்டுகள் அதேபோல நூல் கட்டிய பொட்டலமாக விடுதியிலிருந்து திரும்பி வரும். சித்தி அவற்றின்மேலேயே அடுத்த பாடத்தைப் பதிவு செய்வாள். திரும்பி வருகிறவற்றில், பாடம் முடிந்தபின் மிச்சமிருக்கும் நாடாவில், ஓர் ஆணின் குரல் இருக்கும். கடிதம் வைக்கக் கூடாது என்றுதான் விதி. குரலைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

"வணக்கம் மேடம். கேசட்டு நல்லா கீது. மூணாவது பாடத்துல ஒரு பக்கம் தாண்டிட்டீங்க போல, கொஞ்சம் பாருங்க. அப்பால, உங்க வூட்டாண்ட ரயிலு போவுது இல்ல மேடம்? எனக்கு அது கேக்க ஜோரா கீது. நிறுத்தாமயே படிங்க."

அந்தப் பையனை நாங்கள் பார்த்ததில்லை. அண்ணன் என்று நான் சொல்ல ஆரம்பித்திருந்தேன். அண்ணன் சொன்ன பிறகு சித்தி ரயிலுக்காக நிறுத்துவதை விட்டுவிட்டாள்.

தை மாதத்தில் சித்தப்பாவின் அண்ணனும் இன்னும் இரண்டு பெரியவர்களும் கார் வைத்துக்கொண்டு வந்தார்கள். முன்னறையில் வெகுநேரம் பேசினார்கள். அப்பா அதிகம் பேசவில்லை. அவர் தாலுகா ஆபீஸில் வேலை பார்த்தவர், எதிலும் வம்பு வேண்டாம் என்பவர். "பழசையெல்லாம் வுட்டுட்டு அனுப்பி வைங்க. அவன் இப்ப தொடறதில்ல" என்று வந்தவர்களில் ஒருவர் சொன்னது உள்ளே எங்களுக்குக் கேட்டது. எதைத் தொடுவதில்லை என்று நான் சித்தியைக் கேட்டேன். அவள் புத்தகத்தில் பக்கம் தேடினாள். அவர்கள் போனதும் நாலாவது பாடத்தைப் பதிவு செய்தாள். நான் அவள் மடியருகே படுத்திருந்தேன். எப்போதும்போலத்தான் படித்தாள் என்று நினைத்தேன்.

அந்தக் கேசட் திரும்பி வந்ததற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை. அப்பாவுக்கு அன்று பழைய பாட்டு கேட்க வேண்டும். ரிக்கார்டருக்குள் ஏற்கனவே இருந்த நாடாவைக் கவனிக்காமல் பொத்தானை அமுக்கினார். நாங்கள் எல்லோரும் இட்லிக்கு உட்கார்ந்திருந்தோம்.

"மேடம், நாலாவது பாடம் கேட்டேன். உங்க கொரலு ஒரு மாரி இருந்துச்சு. அழுதீங்களா மேடம்? இன்னா கஷ்டமோ எனக்குத் தெரியாது. ஒடம்பப் பாத்துக்குங்க. பாடம் மெதுவா வந்தாப் போதும்."

அப்பா நாடாவைப் பின்னால் ஓட்டி மறுபடி கேட்டார். சித்தி சட்னிக் கிண்ணத்தோடு நின்றாள்.

"யாரு இவன்?"

"படிக்கிற பையன் மாமா. அந்த விடுதில."

"நீ அழுதது அவனுக்கு எப்படித் தெரியும்?"

"கொரல்ல தெரிஞ்சிருக்கும்."

"கொரல்லயா?" என்றார் அப்பா. அம்மாவைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்து, "நீ சாப்பிட்டுட்டு வெளிய போ" என்றாள்.

நான் வாசலில் நின்றபடி எல்லாவற்றையும் கேட்டேன். அப்பா கத்தவில்லை. மெதுவாகத்தான் சொன்னார். "நான் தப்பா நெனைக்கலம்மா. ஆனா இந்த டேப்பு மாமல்லபுரத்துக்காரங்க கையில கெடச்சா என்ன சொல்லுவாங்க? இதத்தான் தேடிட்டிருக்காங்க. நம்ம பக்கம் நியாயம் இருக்கிறப்ப நாமளே கெடுத்துக்கக் கூடாது." சித்தி, "பரீட்சை வருது மாமா, இன்னும் கொஞ்சம் பாடந்தான்" என்றாள். "வேற யாராவது படிப்பாங்க" என்று அப்பா முடித்துவிட்டார்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்பது நல்ல வார்த்தைதானே, அதற்கு ஏன் இவ்வளவு என்று எனக்குப் புரியவில்லை. எனக்கு இருந்த வருத்தம் வேறு. சித்தி அழுதாளாம். ஒரே பாயில் படுக்கிற எனக்கு அது தெரியவில்லை.

டேப் ரிக்கார்டர் பீரோவின் மேல் ஏறியது. படித்துத்தருவதற்காக விடுதியிலிருந்து வந்திருந்த மாணவனின் புத்தகங்களை அப்பாவே திருப்பி அனுப்பிவிடுவதாகச் சொன்னார். இரண்டு முனையும் திறந்திருக்கும்படி பழுப்புத் தாள் சுற்றி, குறைந்த கட்டணத்தில் போகும் புத்தகப் பொட்டலமாக அழகாகக் கட்டி வாசல் அலமாரியில் வைத்தார். ஆபீஸ் வேலையில் அது அங்கேயே கிடந்தது. அது கிடந்தவரை சித்தி அந்தப் பக்கமே போகவில்லை.

பங்குனி வெயிலில் ஒரு மத்தியானம் வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். கறுத்து மெலிந்த ஓர் அம்மாளும், கறுப்புக் கண்ணாடி போட்டு அவள் தோளைப் பிடித்தபடி ஒரு வாலிபனும். அவன் கையில் நாங்கள் அனுப்பிய பொட்டலத் தாள் ஒன்று மடித்தபடி இருந்தது. அதில் எங்கள் முகவரியைச் சித்தி எழுதியிருந்தாள். வழி கேட்க அதைக் காட்டிக்கொண்டே ஸ்டேஷனிலிருந்து நடந்து வந்திருந்தார்கள்.

"மேடம் கீறாங்களா சார்?" என்றான். கேசட் குரல் அப்படியே. என்னால் நம்பவே முடியவில்லை.

அன்று அப்பா வீட்டில் இருந்தார். வாசற்படியை மறித்தாற்போல நின்றார். "நீதானா அது? எந்தப் பக்கம்?"

"மதுராந்தகம் சார்."

"மதுராந்தகத்துல எங்க? ஊருக்குள்ளயா?"

"ஏரிக்கு அந்தாண்ட சாமி. காலனி" என்று அந்த அம்மாள் பதில் சொன்னாள். அதன்பிறகு அவள் ஏறி வந்திருந்த படியிலிருந்து ஒரு படி இறங்கி நின்றாள்.

"அவங்க இல்லப்பா. மாமியார் வூட்டுக்குப் போயிட்டாங்க."

"எப்ப சார் வருவாங்க?"

"இனிமே வரமாட்டாங்க."

அவன் கையிலிருந்த தாளை இன்னொரு மடிப்பு மடித்தான். "கொஞ்சம் பாடந்தான் சார் பாக்கி. வுடுதில ஒருத்தரு படிச்சாரு. கொரலு மாறினா பேஜாரா கீது சார், மண்டைல நிக்கல. போன வருசமே இதுல போயிடுச்சு. இந்தத் தபா போனா சங்கத்துல எடம் குடுக்க மாட்டாங்க. மேடம் ஃபோன் நம்பர் எதுனா இருந்தா..."

"இல்லப்பா."

அப்போதுதான் நான் திரும்பிப் பார்த்தேன். சித்தி உள்ளறைக் கதவருகே வந்து நின்றிருந்தாள். குரல் கேட்டு வந்திருக்க வேண்டும். முந்தானையை வாயில் அழுத்திப் பிடித்திருந்தாள். அப்பாவின் தோளைத் தாண்டி வாசலிலிருந்து பார்த்தால் அவள் முழுதாகத் தெரிவாள். மூச்சு சத்தம் வந்தால்கூட அவன் கண்டுபிடித்துவிடுவான் என்று பயந்தவள்போல நின்றாள். தரை அதிர்ந்தது. தாம்பரம் பக்கம் போகும் ரயில் கடந்து போனது. அவன் முகத்தை அந்தச் சத்தத்தின் பக்கம் திருப்பி, "இதான்மா அந்த ரயிலு" என்று தன் அம்மாவிடம் சொன்னான்.

அந்த அம்மாள் ரயிலைப் பார்க்கவில்லை. நேராகச் சித்தியைத்தான் பார்த்தாள். முந்தானை பொத்திய வாயை, கழுத்துத் தாலியை, முழங்கையை. சித்தியும் அவளைப் பார்த்தாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான், "சித்தி இங்கதானே..." என்று ஆரம்பித்தேன். அம்மாவின் விரல்கள் என் தோளில் இறங்கின. வலித்தது.

"அந்தப் பாப்பா இன்னாமா சொல்லுது?" என்றான் அவன்.

"ஒண்ணும் இல்லடா. வா, போலாம்."

"உள்ள யாரோ கீற மாரி தோணுதும்மா."

"இல்லடா. நான் பாத்துட்டேன். யாரும் இல்ல."

அவன் அதற்குமேல் கேட்கவில்லை. அப்பா அலமாரியிலிருந்த புத்தகப் பொட்டலத்தை எடுத்து அவன் கையில் கொடுத்தார். அவன் அதைத் தடவிப் பார்த்து, திறந்திருந்த முனையில் விரலை விட்டுத் தாள்களைத் தொட்டு, புத்தகம் என்று தெரிந்ததும் மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான். "மேடத்தைக் கேட்டதா சொல்லுங்க சார்" என்றான். அம்மா தண்ணீர் கொண்டுவருவதற்குள் இருவரும் தெருமுனைக்குப் போய்விட்டார்கள்.

"போஸ்ட் பண்ற வேல மிச்சம்" என்றார் அப்பா. பிறகு அதையே இன்னொரு முறை சொன்னார்.

அந்த அண்ணன் தேறினானா என்று எங்களுக்குத் தெரியாது. விசாரிக்க நினைத்திருந்தால் விசாரித்திருக்கலாம். சித்தி இப்போதும் மாமல்லபுரத்தில்தான் இருக்கிறாள். கடையைப் பெரும்பாலும் அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். வெளியூர்க்காரர்கள் சிலைக்கு விலை கேட்டால் கால்குலேட்டரில் அடித்துக் காட்டுகிறாள். ஒரு வார்த்தை பேசுவதில்லை. அவள் குரல் எப்படி இருந்தது என்று கேட்டால் என்னாலேயே சட்டென்று சொல்ல முடியாது.

அவளைக் கொண்டுபோய் விட்டது அந்தக் கோடை விடுமுறையில். அப்பாவும் அம்மாவும் பஸ்ஸில் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். நானும் சித்தியும் பின் ஸீட்டில். திருக்கழுக்குன்றம் தாண்டியபிறகு, பல நாளாக மனதில் இருந்ததை அவளிடம் கேட்டேன்.

"சித்தி, அந்த அண்ணனோட அம்மாவுக்குக் கண்ணு தெரியும்தானே?"

சித்தி ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியும்டி" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "நல்லாத் தெரியும்" என்றாள்.

எனக்கு அந்தப் பதில் சரியாகப் படவில்லை. அவ்வளவு பக்கத்தில், பட்டப்பகலில், எதிரில் நின்றவளைப் பார்த்து யாரும் இல்லை என்று சொன்னவளுக்குக் கண் எப்படித் தெரியும்? அந்தக் குறை அம்மாவிடமிருந்துதான் பிள்ளைக்கு வந்திருக்க வேண்டும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். பாவம், இரண்டு பேருக்கும் தெரியாமல், ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு, அந்த வெயிலில் எப்படித்தான் ஸ்டேஷன்வரை போனார்களோ என்று வெகுநாள் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன்.