மண்மேட்டுக்குள் சிவாஜினியின் வீடு

ஓபல் என்ற மணிக்கல்லைத் தோண்டும் அந்த ஆஸ்திரேலியப் பாலைவன ஊர் தனக்குப் பிடிக்கப்போவதில்லை என்று ரஞ்சினி மெல்பனிலேயே முடிவுகட்டிவிட்டார். அங்கே கிளென் வேவர்லியில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே வீடிருக்க, நேர்ஸ் வேலையென்று மகள் சிவாஜினி இந்தப் பொட்டல்வெளிக்கு வந்து ஒரு வருடமாகிறது. இப்போது வீடும் வாங்கிவிட்டாளாம். எப்படியாவது கையோடு கூட்டிப்போகத்தான் விமானமேறி வந்தார்.

வந்தால் வீட்டையே காணவில்லை. மண்மேட்டில் ஒரு கதவுதான் இருந்தது. வெயிலுக்குப் பயந்து ஊரில் பாதிப்பேர் நிலத்துக்கடியில்தான் குடியிருக்கிறார்கள்.

“உள்ளுக்கு வாங்கோ அம்மா. ஏசியே தேவையில்லை.”

“நான் வரமாட்டன். பங்கருக்குள்ள இருந்ததே இந்தச் சென்மத்துக்குக் காணும்.”

தொண்ணூறுகளில் வன்னியில் ஷெல்லடி நடந்த மாதங்களில், கைக்குழந்தையாயிருந்த இதே மகளை மடியில் அணைத்துக்கொண்டு பதுங்குகுழியில் கிடந்தவர் அவர். அதற்குப் பிறகு ஜன்னலைத் திறந்துவைத்தால்தான் கண்ணயரும். அதுவும் இரண்டு மணித்தியாலம், மிஞ்சினால் மூன்று. முதியோர் இல்லத்துச் சலவைப் பகுதியில் பதினெட்டு வருடமாக அந்த அரைத் தூக்கத்தோடுதான் வேலை பார்க்கிறார்.

வாசலில் கதிரையைப் போட்டு, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வண்டியில் போன ஒரு வெள்ளைக்காரக் கிழவர் நிறுத்தி, தொப்பியைத் தொட்டு, குளிர்ந்த தண்ணீர்ப் போத்தல் ஒன்றைக் கொடுத்துவிட்டு, ஒரு கேள்வியும் கேட்காமல் போனார். நல்ல மனிதர்தான், அதற்காக ஊர் நல்லதாகிவிடுமா! ஒரு மணிக்கு வெயில் நாற்பத்துமூன்றைத் தொட்டது. அத்தோடு ரஞ்சினியின் வீம்பும் சரிந்தது.

கதவோரமாக மட்டும் உட்காருவேன் என்றுதான் நுழைந்தார். இளஞ்சிவப்புச் சுவர். அதிலேயே குடைந்த மாடத்தில் பிள்ளையார் படம். ஒரு சத்தமில்லை. பதுங்குகுழியில் அமைதி என்றால் அடுத்த ஷெல் வரும்வரைக்கும்தான். இங்கே அமைதி எதற்கும் காத்திராமல் சும்மா இருந்தது. ரஞ்சினி சோபாவில் மெல்லச் சாய்ந்தார்.

கண் விழித்தபோது மகள் எதிரில் இருந்தாள்.

“எத்தினை மணி?”

“ஆறு. அஞ்சு மணித்தியாலம் நித்திரை கொண்டிருக்கிறியள். பயந்து, ரெண்டுதரம் பல்ஸ் பாத்தனான்.”

ரஞ்சினிக்கு வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. எழுந்துபோய்ப் பின்சுவரைத் தடவிப் பார்த்தார்.

“இதுக்கு அங்கால என்ன?”

“மண்தான். இந்த ஊரில இன்னொரு அறை வேணுமெண்டால் தோண்டிக்கொள்ளலாம்.”

கொஞ்ச நேரம் அவர் கையை எடுக்கவில்லை.

“அப்ப எனக்கும் ஒண்டு தோண்டு, பிள்ளை.”