அத்தையின் அபிப்பிராயங்கள்

எங்கள் அத்தை ஒரு புத்தகத்தை நன்றாக இருக்கிறது என்று சொல்லி நான் ஒரே ஒரு தடவைதான் கேட்டிருக்கிறேன். அன்றைக்கு நான் அடைந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தால் வயிறு எரிகிறது.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. நான் ஐந்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தபோது, ஒரு மத்தியானம், தாராபுரம் பஸ்ஸில் வந்திறங்கி, ஒற்றைப் பையைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நடந்தே எங்கள் வீட்டுக்கு வந்தாள். அவளுக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம்கூட ஆகவில்லை. முழங்கைக்குக் கீழே தோல் கன்றிப் போயிருந்தது. என்ன அத்தை இது என்று கேட்டதற்கு, "எண்ணெ தெறிச்சிருச்சு கண்ணு" என்றாள். அம்மா அந்தக் கையைப் பார்த்தாள், உள்ளே போய்த் தட்டில் சோறு போட்டுக்கொண்டு வந்தாள். எண்ணெய் எப்படி விரல் விரலாகத் தெறிக்கும் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

திருப்பூரில் அப்போது தடுக்கி விழுந்தால் பனியன் கம்பெனி. எங்கள் வீட்டுக்குப் பின்னாலும் ஒன்று இருந்தது. கம்பெனி என்று அப்பா சொல்லுவார். பார்ப்பவர்கள் ஷெட் என்பார்கள். பெரிய கம்பெனிகள் வெட்டிக் கொடுப்பதைத் தைத்துக் கொடுக்கிற வேலை. சும்மா இருந்தால் மனசு கெட்டுப்போகும் என்று அப்பா அத்தையை அங்கே செக்கிங் டேபிளில் உட்கார வைத்தார். தைத்து வருகிற பனியனைப் புரட்டிப் பார்த்து, எங்கே ஓட்டை, எங்கே எண்ணெய்க் கறை, எங்கே தையல் விட்டிருக்கிறது என்று கண்டுபிடித்து, அந்த இடத்தில் அம்புக்குறி போட்ட சிவப்பு ஸ்டிக்கரை ஒட்ட வேண்டும். சரி செய்ய முடிந்தது ஆல்டர், முடியாதது ரிஜக்ட், மிச்சம் ஓகே பீஸ். அத்தைக்குக் கண் அப்படி ஒரு கண். அவள் கைக்குத் தப்பி ஒரு கோணல் தையலும் போனதில்லை.

எங்கள் வீட்டில் ஒரு பனியனுக்கு மூன்று கை செக்கிங் உண்டு. அத்தைக்கு மாப்பிள்ளை பார்த்தபோது ஒரு கையும் புரட்டிப் பார்க்கவில்லை. அமராவதிப் பாசனம், தென்னந்தோப்பு, ஒரே பையன் என்று கேட்டதும் எல்லோருக்கும் கண் சொக்கிப்போயிற்று.

பள்ளிக்கூடம் போகிற வழியில் ஒரு வாடகை நூலகம் இருந்தது. பெட்டிக்கடை அளவுதான், ஆனால் கூரை வரைக்கும் புத்தகம். அத்தைக்குப் புத்தகம் எடுத்து வருவதும் திருப்பிக் கொடுப்பதும் என் வேலை. என்ன புத்தகம் வேண்டும் என்று அவள் சொல்ல மாட்டாள். "கைக்கு வந்தத எடுத்துட்டு வா கண்ணு, நான் பாத்துக்கறேன்" என்பாள். துப்பறியும் கதை, சரித்திரக் கதை, பேய்க்கதை, சமையல், கவிதை, வாழ்க்கையில் முன்னேறுவது எப்படி என்று எதைக் கொண்டுபோய்ப் போட்டாலும் படித்தாள். படித்தபடியே குறை கண்ட இடத்தில் எல்லாம் செக்கிங் ஸ்டிக்கரை ஒட்டினாள்! நூலகக்காரர் அதைப் பிய்த்து எடுத்துத் தலையில் அடித்துக்கொள்வார். "பாப்பா, உங்கத்தைகிட்டச் சொல்லு, இது புஸ்தகமுங்க, பனியனில்லீங்கன்னு."

கரண்ட் போனால் மெஷின்கள் நின்றுவிடும். அந்த வருடங்களில் கரண்ட் இருந்த நேரத்தைவிட இல்லாத நேரம்தான் அதிகம். டைலர்கள் டீ குடிக்கப் போய்விட, செக்கிங் டேபிளைச் சுற்றிப் பெண்கள் உட்கார, அத்தை தன் அபிப்பிராயங்களை ஆரம்பிப்பாள்.

"ராஜா குதிரைல போறாரு, போறாரு, போயிட்டே இருக்கறாரு. குதிரைக்குத் தண்ணி காட்டுனாங்களான்னு ஒரு வரி இல்ல. ஆல்டர்."

"கொலகாரன் யாருன்னு ஆரம்பத்துலயே தெரிஞ்சு போச்சு. எழவு ஊட்ல எவன் நெம்ப அழுவுறானோ அவன்தான். ரிஜக்ட்."

கவிதைப் புத்தகத்தில் பாதிப் பக்கம் வெறுமனே கிடக்கிறதே, இந்த ஆளுக்குக் காகிதத்தின் அருமை தெரியாது என்றாள். வாழ்க்கையில் ஜெயிக்க விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்திருக்கச் சொன்ன புத்தகத்தைப் படித்துவிட்டு, "எங்கண்ணி கல்யாணமான நாள்ல இருந்து நாலு மணிக்குத்தான எந்திரிக்கறாங்க? எப்ப ஜெயிப்பாங்களாமா?" என்றாள். டேபிளே அதிர்ந்தது. திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து எங்களிடம் வேலை பார்த்த ஒரு அக்கா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டு, "நீங்க கதைய மொதல்ல சொல்லுங்கக்கா, கொறையப் பொறவு சொல்லலாம்லா" என்று கெஞ்சுவாள். அம்மாவும் சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று சிரிப்பாள்.

சமையல் புத்தகத்தில் ஒரே ஒரு ஸ்டிக்கர்தான் ஒட்டியிருந்தாள். 'ருசிக்கேற்ப உப்பு' என்று அச்சடித்திருந்த இடத்தில். "யாரு ருசிக்குன்னு எழுதலியே" என்று மெதுவாகச் சொன்னாள். அதற்கு யாரும் சிரிக்கவில்லை. ஏன் சிரிக்கவில்லை என்று நான் மட்டும் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். பேய்க்கதைக்கும் அப்படித்தான். செத்துப்போன பிறகும் அந்தப் பெண் ஏன் அதே வீட்டையே சுற்றிக்கொண்டிருக்கிறாள், வாசல் திறந்துதானே கிடக்கிறது, போக வேண்டியதுதானே என்று கேட்டாள். எழுதினவரைத்தான் கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் மறுபேச்சில்லாமல் ரிஜக்ட் செய்தது ஒரே ஒரு வகை. புருஷனைவிட்டு வந்தவள் கடைசியில் அவனிடமே திரும்பிப் போகிற குடும்பக் கதை. அதற்காகவே கடைசிப் பக்கத்தை முதலில் படித்தாள். போகிறாள் என்று தெரிந்தால் புத்தகத்தை மூடி என் பைக்குள் திணித்துவிடுவாள். துரதிர்ஷ்டம், அந்த நூலகத்தில் பாதிக்கு மேல் அந்தக் கதைதான்.

வீட்டில் பெரியவர்களுக்கு வேறு கவலை. தங்கச்சி பொறந்த ஊட்டிலேயே எத்தனை நாள் இருப்பாள் என்று அப்பாவை எல்லோரும் கேட்டார்கள். நூல் கொண்டு வருகிறவர் கேட்டார், கோயிலில் கேட்டார்கள், கல்யாண மண்டபத்தில் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது கேட்டார்கள். அத்தையைத் திருப்பி அனுப்புவதா, வைத்துக்கொள்வதா என்பதுதான் அந்த மாதங்களில் எங்கள் வீட்டில் ஓடிய ஒரே பேச்சு. அப்பா அத்தையைப் பார்த்துப் பேசுவதையே குறைத்துக்கொண்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தாராபுரத்திலிருந்து காரில் வந்தார்கள். அத்தையின் புருஷன், அதாவது எங்கள் மாமா, அவருடைய அம்மா, அவர்கள் பக்கத்துப் பெரியவர் ஒருவர். அம்மா காலையிலேயே இட்லியும் கேசரியும் செய்து வைத்திருந்தாள். ஷெட்டுக்கு லீவு. கூடத்தில் பாயை விரித்து எல்லோரும் உட்கார்ந்தார்கள். அத்தை தூண் ஓரமாக நின்றாள். நான் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பெரியவர்தான் பேசினார். நல்ல மனுஷர், குரலை உயர்த்தவே இல்லை. "கை நீட்டறதுங்கிறது தப்புதானுங்க. நாங்க இல்லேன்னு சொல்லலீங்க. ஆனா எந்த ஊட்ல இல்லாம இருக்குது, சொல்லுங்க?" என்றார். அப்பா தலையை ஆட்டினார். மாமாவின் அம்மா எடுத்துக்கொண்டார்: "எங்க பையன் கோவக்காரன்தானுங்க. ஆனா இந்தப் புள்ளைக்கு வாயி நீளமுங்க. சோத்தப் போட்டா சோத்துக்கொரு அபிப்பிராயம், சேலை எடுத்தா சேலைக்கொரு அபிப்பிராயம். பொம்பளப்புள்ளைக்கு எதுக்குங்க இத்தன அபிப்பிராயம்?"

மாமா செல்போனின் பட்டன்களை அமுக்கிக்கொண்டே இருந்தார்.

எல்லாம் பேசி முடித்து, வெற்றிலைத் தட்டை எடுக்கிற நேரத்தில், முறைக்காகப் பெரியவர் அத்தையின் பக்கம் திரும்பினார். "நீ என்ன அம்மிணி சொல்ற? உன்ற அபிப்பிராயத்தையும் சொல்லு. நாளைக்கு யாரும் கேக்கலேன்னு ஆயிரக்கூடாது பாரு."

அத்தை தூணைவிட்டு ஒரு அடி முன்னால் வந்தாள். பிறகு செக்கிங் டேபிளில் பேசுகிற அதே குரலில் ஆரம்பித்தாள்.

"போன வாரம் ஒரு கதைய, கடைசிப் பக்கத்தப் பாக்காம, மொதல்ல இருந்து படிச்சேனுங்க. அதுலயும் ஒரு புள்ள இப்படித்தான் வந்தர்றா. நல்லாத்தான் எழுதீட்டு வந்திருந்தாங்க. கடைசி அத்தியாயத்துல தையல் விட்டுப் போச்சுங்க. அவ புருஷன் மாறிட்டான்னு ஒரு வரி. எப்ப மாறுனான், எதுக்கு மாறுனான், ஒண்ணுங் கெடையாதுங்க. புஸ்தகத்த முடிக்கோணுமே, பக்கம் தீந்துபோச்சேன்னு அந்தப் புள்ளைய அனுப்பிச்சுட்டாங்களாட்ட இருக்குது. அத எழுதுனவங்க ஒரு நாளு அந்த ஊட்ல போய் இருந்து பாத்திருந்தா அப்படி எழுதியிருக்க மாட்டாங்கங்க. என்ற அபிப்பிராயம் அதானுங்க."

மாமா செல்போனிலிருந்து தலையைத் தூக்கினார். அப்புறம் பெரியவர் கடகடவென்று சிரித்தார். "அட, கதைங்கண்ணு அது! கதைல அப்படித்தான் முடிப்பாங்க." அவர் சிரித்ததும் எல்லோருக்கும் மூச்சு வந்தது. அப்பாதான் எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்தார். எனக்கும் சிரிப்பாக வந்தது, பெருமையாகவும் இருந்தது. அந்தப் புத்தகத்தை எடுத்து வந்தவள் நான் அல்லவா! வெற்றிலைத் தட்டு கை மாறியது.

அவர்கள் முற்றத்தில் இறங்கியதும் அம்மா அப்பாவைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள். "அவ போகமாட்டேன்னுதானுங்க சொன்னா. உங்களுக்குக் கேக்கலீங்களா?"

"கதையத்தான சொன்னா" என்றார் அப்பா. "சிரிச்ச மொகமாத்தான இருந்தா?"

அத்தை சிரிக்கவில்லை. சிரித்தது நாங்கள்தான். அம்மா பாத்திரத்தை நங்கென்று வைத்தாள். அவளால் அவ்வளவுதான் முடிந்தது. அன்று சாயங்காலமே அத்தை அந்தக் காரில் போனாள். கிளம்பும்போது அம்மா நூலகத்துப் புத்தகம் ஒன்றை அவள் பையில் துணிக்கு அடியில் வைத்ததை நான் பார்த்தேன். அவசரத்தில் என்ன புத்தகம் என்றுகூட அம்மா பார்க்கவில்லை. நான் பார்த்தேன். அது அத்தை ரிஜக்ட் செய்கிற வகை.

அதன் பிறகு கரண்ட் போனால் ஷெட்டில் பெண்கள் வெறுமனே உட்கார்ந்து விசிறிக்கொண்டார்கள். அம்மா தினமும் அப்பாவை நச்சரித்தாள். ஒரு எட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், அவள் முகம் சரியில்லை என்றால் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள் என்றாள். காலாண்டு லீவில் அப்பா என்னையும் அழைத்துக்கொண்டு தாராபுரம் பஸ் ஏறினார்.

தோப்புக்கு நடுவில் பெரிய வீடு. மாமா வெளியே போயிருந்தார். அவருடைய அம்மா அப்பாவை உட்காரவைத்து இளநீர் கொடுத்தார். அத்தை சமையலறையிலிருந்து வந்தாள். மெலிந்திருந்தாள், ஆனால் கைகளில் காயம் ஒன்றும் தெரியவில்லை. கை முழுக்க மறைகிற ரவிக்கை போட்டிருந்தாள். அப்பா, "எப்படியம்மிணி இருக்கற?" என்று கேட்டார். "நல்லாருக்கறனுங்ணா" என்றாள். அப்பா நிம்மதியாக இளநீரை எடுத்துக் குடித்தார்.

எனக்கு அதிலெல்லாம் அக்கறை இல்லை. எனக்கு அபிப்பிராயம் வேண்டும். சமையலறைக்கே பின்னால் போய், "அந்தப் புஸ்தகம் எப்படி அத்தை இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"எந்தப் புஸ்தகம்?" என்றவள், ஞாபகம் வந்து, அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்தாள். "நல்லாருக்குது கண்ணு."

என் காதையே நம்ப முடியவில்லை. பக்கங்களைப் புரட்டினேன். சுத்தமாக இருந்தது.

"கொறையே இல்லையா?"

"ஒரு கொறையும் இல்ல."

"கடைசில அவ திரும்பிப் போயிருவாளே அத்தை, அதுகூடவா?"

அத்தை கூடத்துப் பக்கம் ஒரு தரம் எட்டிப் பார்த்தாள். பிறகு என் தலையைத் தடவி, "அதும் நல்லாத்தான் இருக்குது" என்றாள். அவள் கை அடுப்புக்குப் பக்கத்திலேயே இருந்தும் சில்லென்று இருந்தது. நான் கொண்டுபோயிருந்த மற்ற புத்தகங்களை நீட்டினேன். அத்தை வாங்கவில்லை. கடைசிப் பக்கத்தைப் பிரித்துப் பார்க்கவும் இல்லை. "இதெல்லாமும் நல்லாத்தான் இருக்கும், நீயே கொண்டுட்டுப் போ கண்ணு" என்றாள்.

பஸ் ஸ்டாண்டில் அப்பா அம்மாவுக்குப் போன் போட்டார். "நான் சொல்லல? நெம்ப நல்லாருக்கறா. ஒரு கொறையும் சொல்லல. இந்தா, உன்ற புள்ளையவே கேளு." நான் போனை வாங்கி, அத்தைக்குப் புத்தகம் பிடித்துவிட்டது, ஒரு குறைகூடச் சொல்லவில்லை, திரும்பிப் போகிற கதைகூட நன்றாக இருக்கிறது என்று சொன்னாள் என்று கத்தினேன். அந்தப் பக்கம் அம்மா ஒன்றும் சொல்லவில்லை. லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து நான் ஹலோ ஹலோ என்றேன். அப்புறம்தான் அம்மா அழுவது கேட்டது.

சந்தோஷத்தில் அழுகிறாள் என்று அப்பாவிடம் சொன்னேன். அவரும் அப்படித்தான் என்றார். எனக்கு வேர்க்கடலை வாங்கிக் கொடுத்து ஜன்னல் ஓரத்தில் உட்கார வைத்தார். அத்தையைக் கூட்டிக்கொண்டு வரவில்லை. அதற்குப் பிறகு எப்போதுமே கூட்டிக்கொண்டு வரவில்லை. ஊர் வருகிற வரைக்கும் நான் மடியில் அந்தப் புத்தகத்தை வைத்துக்கொண்டு, அடுத்த லீவுக்கு இதே மாதிரி இன்னும் என்னென்ன எடுத்துப் போகலாம் என்று யோசித்தேன். நூலகத்தில் அந்தக் கதைதான் நிறைய இருந்தது.