ஒரு சொட்டும் கசியாத குருவிப் பெட்டி

ஓசூரில் வண்டி உதிரி பாகம் செய்யும் கம்பெனியில், கசிவு சோதிக்கும் பிரிவில் வேலை செய்கிறேன். வீட்டு சன்ஷேடுக்குக் கீழே சிட்டுக்குருவிக்குப் பெட்டி செய்து வைத்தபோதும், அதே பழக்கத்தில் மேல்மூடி தவிர ஓர் இடுக்கு விடாமல் சிலிகான் பூசினேன். குருவி குடிவந்து குஞ்சும் பொரித்தது.

போன மாதம் ஒருநாள் மழை சாய்ந்து அடித்தது. ஷிஃப்ட் முடிந்து வந்த என்னிடம் பக்கத்து வீட்டு மஞ்சுளா அக்கா, "குஞ்சுங்க சத்தத்தையே காணோம்மா, தாய்க்குருவி வெளியவே கத்திக்கினு இருக்குது" என்றார். ஸ்டூல் போட்டு மூடியைத் திறந்தேன். வாசல் துளை வழியாகப் புகுந்த மழைநீர், வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தேங்கியிருந்தது. நனைந்த கூட்டில் குஞ்சுகள் கழுத்தை மட்டும் தூக்கியபடி நடுங்கிக்கொண்டிருந்தன.

அடியில் துளை போட, கணவர் சுத்தியலும் ஆணியுமாக ஓடி வந்தார்.

"தட்டாதீங்க, பயந்தே செத்துரும்!" என்று கத்திவிட்டு, அடிப்பலகை இடுக்கிலிருந்த சிலிகானைக் கத்தி முனையால் கிழித்தேன். தண்ணீர் கொட்டியது. காய்ந்த புல்லை அடியில் திணித்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் நின்றோம். தாய் திரும்ப வருமா? இருட்டும் முன் அது புழுவோடு உள்ளே நுழைந்த பிறகுதான் எனக்கு அழுகையே வந்தது.

இப்போதெல்லாம் பெட்டி செய்தால் முதலில் அடியில் துளை போட்டு, தண்ணீர் ஊற்றிப் பார்க்கிறேன். கம்பெனியில் கசிந்தால் ரிஜெக்ட். என் வீட்டில் கசியாவிட்டால் ரிஜெக்ட்.