கோபுரத்திலிருந்து ஒரு விசாரிப்பு

மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் வில்லைகளைத் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துவது அவள் வேலை. அதற்காகத்தான் நாற்பது வயதுக்கு மேல் தன்னந்தனியாகக் கடல் தாண்டி வந்தாள். படுத்த படுக்கையாகக் கிடந்த தன் தாயாரை விட்டுவிட்டு வர முடியாமல் கணவர் ஊரிலேயே தங்கிவிட்டார். சிறிய விமானம் ஓட்ட அவளிடம் உரிமம் இருப்பது இங்கே யாருக்கும் தெரியாது. அவள் மறைக்கவில்லை, கேட்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

அந்த உரிமம் இந்த நாட்டில் செல்லாது, மாற்றிக்கொள்ள வேண்டும் என்றார்கள். 'இவர் எங்களிடம் தேறியவர்தான்' என்று சொல்லப் பழைய நாட்டு அலுவலகம் இழுத்தடித்ததிலேயே ஒரு மழைக்காலம் போயிற்று. மருத்துவர் கண்ணையும் காதையும் சோதித்தார். அடுத்தது விமானப் போக்குவரத்துச் சட்டத் தேர்வு. சாப்பிட்ட தட்டை ஓரமாகத் தள்ளிவிட்டு, சமையலறை மேசையில் உட்கார்ந்து விதிகளை வாய்விட்டுப் படித்தாள்.

"வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்காங்களா? ஒரே பேச்சுச் சத்தமா இருக்கே," என்று கீழ்வீட்டுக்காரி படிக்கட்டில் நிறுத்திக் கேட்டாள்.

"இல்லீங்க. நான்தான்."

தேர்வில் தேறினாள். மிச்சமிருந்தது பறந்து காட்டும் சோதனை. ஓடுபாதையை விட்டு எழும்பும்வரை எல்லாம் சுமுகமாகத்தான் போயிற்று. எழும்பியதும் பழக்கதோஷத்தில் கை இடப்பக்கம் திருப்பிவிட்டது. இந்த ஓடுபாதைக்கு இடப்பக்கம் குடியிருப்பு. எல்லாரும் வலப்பக்கம்தான் திரும்ப வேண்டும்.

"எங்கம்மா போறீங்க?" என்றார் பக்கத்தில் இருந்த பரிசோதகர்.

சட்டென்று திருத்திக்கொண்டாள். ஆனால் காரியம் கெட்டுவிட்டது.

"ஓட்டறதுல குறை சொல்ல முடியாதும்மா," என்றார் அவர், இறங்கியதும். "ஆனா நீங்க இன்னும் உங்க ஊர்லயே பறந்துட்டிருக்கீங்க."

அன்று மாலை கணவரிடம் தொலைபேசியில் சொன்னாள். "விடு, இன்னொரு தடவை போனாப் போச்சு," என்றார். அதற்குள் பின்னாலிருந்து முனகல் கேட்டது. "அம்மா கூப்பிடறாங்க. வெச்சிடட்டுமா?"

"ம்."

மறுமுறை பிசகாமல் ஓட்டினாள். புது உரிமம் கைக்கு வந்ததும் முதல் வேலையாகக் கடையின் முன்பக்கம் வாடிக்கையாளர்களைக் கவனிக்கும் பெண்ணைக் கூப்பிட்டாள். "ஞாயித்துக்கெழம வர்றியா? ஒரு சுத்து சுத்திட்டு வரலாம்."

"ஐயோ அக்கா, எனக்கு லிஃப்ட்ல ஏறினாலே தலை சுத்தும்!"

கீழ்வீட்டுக்காரியையும் கூப்பிட்டாள்; அவள் சிரித்துக்கொண்டே கதவைச் சாத்திக்கொண்டாள். ஊரில் இருந்தவரை கணவர்தான் பக்கத்தில் உட்காருவார். இறங்கும்வரை கண்ணைத் திறக்கமாட்டார், ஆனாலும் உட்காருவார். இப்போது அந்த இருக்கையில் அவளுடைய கைப்பை. உருண்டு விழாமலிருக்க அதற்கும் இருக்கைப் பட்டையை மாட்டிவிடுவாள். வாராவாரம் வாடகை விமானத்தில் அப்படித்தான் பறந்தாள்.

பிறகு காய்ச்சல் வந்து இரண்டு வாரம் எழுந்திருக்க முடியவில்லை. கடையிலிருந்து ஒரேயொரு முறை கூப்பிட்டார்கள், யாரோ ஒருவருடைய வில்லையை எங்கே வைத்தாள் என்று கேட்க.

தேறி எழுந்த ஞாயிற்றுக்கிழமை விமானத்தைக் கிளப்பி, ஓடுபாதை ஓரத்தில் நிறுத்தி அனுமதி கேட்டாள். கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருந்த பெண் உடனே அனுமதி தரவில்லை.

"ரெண்டு வாரமா உங்க குரலே கேக்கலையே. உடம்பு கிடம்பு சரியில்லையா?"

வானொலியில் இப்படியெல்லாம் பேசுவது வழக்கமில்லை. பொத்தானை அழுத்தினாள். விட்டுவிட்டு மறுபடி அழுத்தினாள்.

"காய்ச்சல். இப்பப் பரவால்ல."

"சரி, பாத்துப் போயிட்டு வாங்க. ஓடுபாதை உங்களுக்குத்தான்."

மேலே போனபிறகு இரண்டு மூன்று தடவை தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாள்.

மாலையில் கணவரிடம் இதை ஒன்றுக்கு இரண்டு தடவை சொன்னாள்.

"யாரு அவங்க? பேரென்ன?"

"தெரியல."

"கேட்டிருக்கலாம்ல?"

"கேக்கணும்னுதான் நெனச்சேன். எனக்குப் பின்னாடி இன்னொரு விமானம் காத்துட்டு நின்னுச்சு."