மலை நகர்ந்த பதினோரு அடி

செயற்கைக்கோள் தட்டு பொருத்துவதுதான் தட்டுக்காரருக்கு இருபது வருஷப் பிழைப்பு. கேபிள் எட்டாத மலைச்சரிவு ஆஸ்பத்திரியிலிருந்து டவுன் டாக்டரோடு பேச, அவர் வைத்த தட்டுதான் ஒரே வழி. உரிமத்தில் எழுதிய இடத்தைவிட்டு அதை அசைக்கக் கூடாது என்பது சட்டம்.

ஒரு அடைமழையில் சரிவு கட்டடத்தையும் சுமந்துகொண்டு பதினோரு அடி கீழே இறங்கிவிட்டது. யாருக்கும் காயமில்லை, சிக்னல்தான் போய்விட்டது. உள்ளே ஒருத்திக்குப் பிரசவ வலி.

"அண்ணே, டாக்டர் இப்பவே லைன்ல வந்தாகணும்," என்றாள் நர்ஸ்.

அனுமதிக்கு எழுதிப்போட்டால், அது வருவதற்குள் பிள்ளை பள்ளிக்கூடமே போய்விடும். தட்டுக்காரர் கூரையேறித் தட்டைச் சிக்னல் கிடைக்கும் பக்கமாகத் திருப்பி வைத்தார். டாக்டர் சொல்லச் சொல்ல, பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது.

மறுநாளே புது இடத்தை உரிம அலுவலகத்துக்கு ஒழுங்காக எழுதி அனுப்பினார். பதிலுக்கு நோட்டீஸ் வந்தது. அலுவலகத்துக்குப் போனார்.

"யாரைக் கேட்டு நகர்த்துனீங்க?" என்றார் அதிகாரி.

"நான் நகர்த்தல சார். மலைதான் நகர்ந்துச்சு."

அதிகாரி விதிப்புத்தகத்தைக் கடைசிவரை புரட்டினார். மலையைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை.

"சரி. இனிமே நகர்ந்தா முன்கூட்டியே தெரிவிக்கணும்," என்று முத்திரை குத்தினார்.

"தெரிவிச்சிடறேன் சார்," என்றார் தட்டுக்காரர். தெருவுக்கு வந்த பிறகுதான் சிரித்தார்.