ஸ்வல்ப இருங்கக்கா

பள்ளிக்கூட அலுவலகம் ஒன்றில் வேலை செய்கிறேன். பெற்றோருக்குப் போகும் சுற்றறிக்கைகளை அடிப்பது நான்தான். யார் கேட்டாலும் ஓடிபி சொல்லாதீர்கள் என்று போன வருடம் ஒன்று அடித்தேன். பெற்றோர் கூட்டத்தில் அதைத் தமிழிலும் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் வாசித்ததும் நான்தான். பின்வரிசையில் ஒருவர், "சொல்லிட்டா என்ன மேடம் ஆகும்?" என்று கேட்டார். "உங்க பணம் போயிடும் சார், அவ்வளவுதான்" என்று சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தேன். அதை நினைத்தால் இப்போது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

ஒரு சனிக்கிழமை காலை, பெங்களூர் ஆஸ்டின் டவுனில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு நான் ஆன்லைனில் ஆர்டர் செய்த டேபிள் டாப் கிரைண்டர் வந்தது. கொண்டு வந்தது எங்கள் தெருவுக்கு வழக்கமாக வரும் டெலிவரிக்காரப் பெண். நாற்பது வயதிருக்கும். ஸ்கூட்டரில் முன்னும் பின்னும் மூட்டையோடு வருவாள். ஒரு வருடமாகப் பார்க்கிறேன். அவள் கன்னடத்தில் பேசுவாள், நானும் கன்னடத்தில் பதில் சொல்வேன். பெட்டியை இறக்கி வைத்துவிட்டு டெலிவரி ஓடிபி கேட்டாள். பொருள் நம் கைக்கு வந்துவிட்டது என்று காட்டுவதற்காகக் கம்பெனி அனுப்பும் எண் அது. சொன்னேன். தன் போனில் அடித்துக்கொண்டு போய்விட்டாள்.

பிரித்துப் பார்த்தால் கல்லில் விரிசல். ஆப்பிலேயே திருப்பி அனுப்பலாம், இரண்டு பட்டனை அழுத்தினால் போதும். எனக்கு அது போதாது. யாரையாவது பிடித்து நாலு வார்த்தை கேட்டால்தான் எனக்கு மனசு ஆறும். கம்பெனி பேரைப் போட்டு கஸ்டமர் கேர் என்று இன்டர்நெட்டில் தேடி, முதலில் வந்த நம்பருக்குப் போன் போட்டேன். அப்படி வரும் நம்பரை நம்பாதீர்கள், ஆப்புக்குள் இருக்கும் நம்பரை மட்டும் நம்புங்கள் என்பது என் சுற்றறிக்கையிலேயே இருந்த வரி.

எடுத்தவன் இந்தியில் ஆரம்பித்தான். என் இந்தியைக் கேட்டதும், "தமிழா மேடம்?" என்றான். ஆமாம் என்றேன். அத்தோடு மேடம் அக்காவாகிவிட்டது. ஆர்டர் நம்பர், அட்ரஸ் எல்லாம் கேட்டுவிட்டு, "ஸ்வல்ப இருங்கக்கா, சிஸ்டம் ஸ்லோவா இருக்கு" என்றான்.

அந்த ஸ்வல்பவில்தான் விழுந்தேன். கொஞ்சம் என்பதற்குக் கன்னட வார்த்தை அது. எங்களைப் போன்ற பெங்களூர்த் தமிழர்கள் வாயில் தமிழாகவே ஆகிவிட்டது. வேலூரில் நாத்தனார் வீட்டுக்குப் போனால், "ஸ்வல்ப சாதம் போடட்டுமா அண்ணி?" என்று என்னை ஓட்டுவாள். தமிழ்நாட்டில் எவனும் இப்படிச் சொல்லமாட்டான், அதனால் இவன் நம்ம பையன், நம்ம தெருக்களில் வளர்ந்தவன் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். "எந்த ஏரியாப்பா நீ?" என்று வேறு கேட்டேன். "ஆஸ்டின் டவுன்லதான்க்கா எங்க அத்தை வீடு" என்றான். நான் அட்ரஸ் சொல்லி இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை என்பது எனக்கு உறைக்கவில்லை. சண்டை போடுவதற்காகப் போன் செய்தவள், அவன் அத்தையின் முட்டி வலிக்கு எந்த டாக்டரைப் பார்க்கலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

பணத்தைத் திருப்பிப் போட கார்டு நம்பர் கேட்டான். கொடுத்தேன். "இப்ப ஒரு ஓடிபி வரும்க்கா, அதைச் சொல்லிட்டீங்கன்னா முடிஞ்சிது" என்றான். நமக்கு வரவேண்டிய பணத்துக்கு நாம் எதற்கு ஓடிபி சொல்ல வேண்டும் என்று ஒரு நொடி தோன்றியது. கேட்டால் சந்தேகப்படுவதாக நினைத்துக்கொள்வானே என்று கேட்கவில்லை. பாங்க்கிலிருந்து வந்த எண்ணை நிறுத்தி நிதானமாக வாசித்தேன். இதை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று அதற்குக் கீழே இருந்த வரியைப் பிறகுதான் பார்த்தேன். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக வைத்திருந்த பணம் அதற்குள் போய்விட்டது.

கணவருக்கு ஹெப்பகோடியில் ஒரு தொழிற்சாலையில் வேலை. வாங்குவது விற்பது எதையும் அவர் போனில் செய்யமாட்டார். செய்ய விட்டதில்லை நான். "உங்களுக்கு எவன் வேணா காது குத்திடுவான்" என்று சொல்லிச் சொல்லியே அவரை ஒதுக்கி வைத்திருந்தேன். அன்று சாயங்காலம் வந்தவரிடம் பணம் போன செய்தியைச் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "ஓடிபிய யார்கிட்டயாவது சொன்னியா?"

"டெலிவரிக்கு வந்த அந்தம்மாகிட்டதான் சொன்னேன்."

அவளிடம் ஓர் எண் சொன்னது உண்மை. பொய் முழுக்க அந்தத் 'தான்' என்ற இரண்டு எழுத்தில் இருந்தது. கணவர் அங்கேயே உட்கார்ந்து ஆப்பிலும் பாங்க்குக்கும் புகார் எழுத ஆரம்பித்தார், டெலிவரி செய்த பெண் ஓடிபி வாங்கி ஏமாற்றிவிட்டாள் என்று. நான் பக்கத்தில் உட்கார்ந்து அவருடைய இங்கிலீஷில் எழுத்துப்பிழை திருத்திக் கொடுத்தேன். அதைச் செய்தது இந்தக் கைதான். எத்தனை முறை யோசித்தாலும் என்னால் அதைத் தாண்டிப் போக முடியவில்லை.

அடுத்த வார ஞாயிற்றுக்கிழமை அவள் வாசலில் நின்றாள். மூட்டையும் இல்லை, கம்பெனி டீஷர்ட்டும் இல்லை. கணவர் கறி வாங்கப் போயிருந்தார். "மேடம், நன்ன ஐடி பிளாக் ஆகிதே" என்றாள். யாரோ புகார் கொடுத்ததால் வேலையை நிறுத்திவிட்டார்கள், அது நீங்களா என்று கன்னடத்தில் கேட்டாள். ஏழு நாளாக வருமானம் இல்லை, ஸ்கூட்டருக்குத் தவணை கட்ட வேண்டும் என்றாள். நான் "நனகெ கொத்தில்ல" என்றேன். எனக்குத் தெரியாதாம்! வெட்கமில்லாமல் அதையும் சொன்னேன்.

அதற்குள் அவள் போன் அடித்தது. எடுத்து, "நான் இன்னும் ஆஸ்டின் டவுன்லதான் இருக்கேன். நீ குக்கர வெச்சிடு" என்றாள்.

"நீங்க தமிழா?"

"ஆமா மேடம், வீடு சந்தாபுரால. டூட்டில கன்னடம்தான் பேசறது. எல்லார்க்கும் புரியும்ல?"

கூனிக் குறுகிப் போனேன். அதைவிடக் கேவலம் ஒன்று உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். அவள் தமிழ் பேசிய பிறகுதான் எனக்குக் குறுகுறுத்தது. அவள் கன்னடக்காரியாகவே இருந்திருந்தால், தெரியாது என்று சொல்லிக் கதவைச் சாத்தியிருப்பேனோ என்னவோ. பேச்சை வைத்துத்தான் ஒருவனை நம்பினேன், பேச்சை வைத்துத்தான் ஒருத்தியை மாட்டிவிட்டேன்.

கணவர் கறிப் பையோடு வந்தார். அவளைப் பார்த்ததும் முகம் சிவந்து, "ஏய், இல்லி யாக்கெ பந்தே?" என்று கத்தினார். இங்கே ஏன் வந்தாய் என்று அவர் அப்படி ஒருமையில் கத்தி நான் கேட்டதே இல்லை. அவள் இரண்டு படி பின்னால் இறங்கினாள்.

"அவங்க இல்ல. நான்தான் வேற ஒருத்தன்கிட்ட சொன்னேன், போன்ல" என்றேன்.

கணவர் என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை. கறிப் பையை என் கையில் கொடுத்துவிட்டு அவளைப் பார்த்துக் கைகூப்பினார். அவள் அதைக் கண்டுகொள்ளவில்லை. "இதையே எழுதிக் குடுப்பீங்களா மேடம்?" என்று என்னைக் கேட்டாள். ஒரு தாளில் ஆங்கிலத்தில் எழுதினேன். "என்ன எழுதியிருக்குன்னு படிச்சிச் சொல்லுங்க" என்றாள். முன்பின் தெரியாத ஒருவனிடம் நானே எண்ணைச் சொன்னேன், இந்தப் பெண்மேல் எந்தத் தப்பும் இல்லை என்று வாசலில் நின்று தமிழில் வாசித்தேன். எதிர்வீட்டு மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். கையெழுத்துப் போட்ட பிறகு அவள் அதைப் போட்டோ எடுத்துக்கொண்டு, தாளையும் மடித்து வைத்துக்கொண்டாள். மன்னிச்சிடுங்க என்றேன். "சரி மேடம்" என்றாள்.

பாங்க்கில் கொடுத்திருந்த புகாரையும் மாற்றி எழுதிக் கொடுத்தேன். பணம் திரும்பவில்லை. நாலு நாளில் அவளுக்கு வேலை திரும்பக் கிடைத்தது.

போன வாரம் மகளுக்குப் புத்தகம் வந்தது. அவள்தான் கொண்டு வந்தாள். இப்போது தமிழில்தான் பேசுகிறோம். பார்சலைக் கொடுத்தாள். எண்ணைச் சொல்ல வாயெடுத்தேன்.

"சொல்லாதீங்க மேடம்" என்று அவசரமாகத் தடுத்தாள். கையை நீட்டித் தன் போனைக் கொடுத்தாள். "நீங்களே அடிச்சிடுங்க. எனக்கு அது தெரியவே வேணாம்."

நான் அடித்து முடிக்கும்வரை முகத்தைத் தெருப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றாள்.