வெறும் மஞ்சளுக்கு விழுந்த கையெழுத்துகள்

இன்று எங்கள் ஐயப்பன்தாங்கல் அப்பார்ட்மென்ட் ஹாலில், மூன்றாவது மாடி முரளியின் முதல் ஓவியக் கண்காட்சி. ஒருவராவது பாராட்ட மாட்டார்களா என்று காலையிலிருந்து வாசலிலேயே நின்றிருந்தார்.

இரண்டே படங்கள். ஒன்றில் நகரம், நரம்பு, கடிகாரம், மீன் என்று எல்லாம் இருந்தன. வரைய இரண்டு வருடமாம். அதை யாரும் பார்க்கவில்லை.

இன்னொன்று வெறும் மஞ்சள். அங்கேதான் கூட்டம். ஆளாளுக்குப் பக்கத்துச் சுவரில் பென்சிலால் பிளாட் நம்பர் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள்.

"பாத்தீங்களா சார், எளிமைதான் ஜெயிக்குது," என்றார் முரளி. கண் கலங்கியிருந்தது.

கட்டடத்துக்கு அடிக்கப்போகும் பெயிண்டின் சாம்பிளையும் அசோசியேஷன் இதே ஹாலில்தான் வைப்பதாகவும், பிடித்தவர்கள் பக்கத்தில் கையெழுத்துப் போடலாம் என்றும் சொல்லியிருந்தது. நானும் கையெழுத்துப் போட்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

அப்போது உள்ளே வந்த பெயிண்ட் காண்டிராக்டர் திறந்தார். "இன்னா நைனா, நான் சாம்பிளே இன்னும் எட்த்துகினு வர்ல, அதுக்குள்ள அல்லாரும் ஓகே பண்ட்டாங்க? கலரு நல்லாத்தான் கீது. இன்னொரு கோட்டு வுட்டா எட்டு வர்ஷம் நிக்கும்."

முரளி சுவரிலிருந்த கையெழுத்துகளைப் பார்த்தார். பிறகு பென்சிலை வாங்கி, கடைசியில் தன் பிளாட் நம்பரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த மாதம் மூன்று பிளாக்கும் அந்த ஓவியம்தான். உங்கள் அப்பார்ட்மென்ட்டில் யாருடைய ஓவியம் அடித்திருக்கிறார்கள்?